தூங்குமூஞ்சிகள் இருந்த அறை

வையாலா,
ஆகஸ்ட் 9

கிளெம்,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. மவ்ரீனுக்குப் போன் போடுவதை நிறுத்து என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சலவைக்கூடத்தில் அவளும் நானும் எதிரெதிரே நின்று ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறோம். நேற்று விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "உன் தம்பி கேக்கறான், அரணைங்கல்லாம் நல்லா இருக்கான்னு" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அக்காவின் புருஷனை அடித்து நொறுக்கிவிட்டு ஜெயிலுக்குப் போனவன் அரணைகளின் நலம் விசாரிக்கிறான். ஊர் சிரிக்கிறது.

மார்ச்சில் நான் பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உனக்கு மறந்திருந்தால் திரும்பவும் சொல்கிறேன். வேலை முடிந்து கதவைத் திறந்தால் பிரென்டன் சமையலறைத் தரையில் கிடக்கிறான். அவன் கைமேல் நீ முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாய். உன் கையில் வண்டியின் ஜாக்கிக் கம்பி. "போதும் கிளெம், போதும்" என்று அவன் ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொல்கிறான். நான் கத்தினேன். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தாய்.

கிழிந்த காலுறைகளும் டேப்பும் சிதறிக் கிடக்க, என் அரணைகள் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. என் தூங்குமூஞ்சி அரணைப் பெண், பெக், மேசைக்கடியில் செத்துக் கிடந்தது. மிதித்தே கொன்றிருக்கிறாய். வருஷா வருஷம் வசந்தம் வந்ததும் அதே பெண்ணைத் தேடிப் போகிற ஜாதி அது என்று உனக்குத் தெரியாதா? பெக்கின் ஜோடி டஸ்டி இன்னமும் தொட்டிக் கண்ணாடியை மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கிறது. செம்பருத்திப் பூ கொடுத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிரென்டனின் தாடை ஒட்டிவிட்டது. வலது கை விரல்கள் கோணலாகவே நின்றுவிட்டன. நீ குடித்திருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. குடித்திருந்தாய் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். "சொல்ல ஒண்ணுமில்ல" என்று நின்றாய். நானும் கேட்கிறேன். ஒருமுறைதான் கேட்பேன்.

ரேலீன்


ஆகஸ்ட் 21

ரே,

கடிதம் கிடைத்தது. மவ்ரீனைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஏன் என்று நான் எழுதினால், உன் கைக்கு வருவதற்கு முன்னால் இங்கே ஒரு ஆபீசர் அதைப் படிப்பார். போனையும் அவர்கள் கேட்கிறார்கள். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதனால் அதைக் கேட்காதே.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். விலா எலும்பு ஒன்று விரிசல். சிரித்தால் வலிக்கிறது, இங்கே அதற்கு அதிகம் வேலை இல்லை என்பதால் பரவாயில்லை. நடந்தது இதுதான். முற்றத்துச் சுவர் வெடிப்பில் ஒரு குரைக்கும் பல்லி இருந்தது. நீ வளர்க்கிறாயே, அதே தடித்த வால் ஜாதி. வழிதவறி வந்திருக்கும். இங்கே ஒருவன் துண்டை முறுக்கி அதைச் சுண்டி அடித்தான். வால் கழன்று தனியாகத் துடித்தது. வால் எவ்வளவு நேரம் துடிக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். பல்லி நாலு காலிலும் எழுந்து நின்று அவர்களைப் பார்த்துக் குரைத்தது. கட்டைவிரல் அளவு உடம்பு, அத்தனை பேரையும் எதிர்த்து நின்றது.

நான் குனிந்து எடுக்கப் போனேன். முதுகில் உதைத்துத் தள்ளினார்கள். "அரணைக்காரன் வந்துட்டான்டா" என்று சொல்லிச் சொல்லி உதைத்தார்கள். நான் திருப்பி அடிக்கவில்லை, ரே. கோர்ட்டில் என்னை மிருகம் என்றாயே, அது காதிலேயே இருந்தது. கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். பல்லியை யாரோ மிதித்துவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், காரணம் கேட்காதே. உன் தூங்குமூஞ்சிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காதுத் துளைக்குள் பார். உண்ணி இருக்கிறதா என்று பார்.

கிளெம்


வையாலா,
செப்டம்பர் 5

கிளெம்,

உண்ணி பார்க்க எனக்கு நீ சொல்லித் தருகிறாய். ஈட்டி போல் வாலும் குமிழ் போல் வாலும் உள்ள பல்லிகளையெல்லாம் முட்டையிலிருந்து வளர்த்தவள் நான். வனத்துறை ஆள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான தொட்டிகளை வேறு எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போன வீடு இது. உண்ணி என்பது காட்டில் திரியும் தூங்குமூஞ்சிக்கு வருவது. என் வீட்டில் பிறந்தவைகளுக்கு எங்கிருந்து வரும்?

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பதற்காகவே எடுத்துப் பார்த்தேன். டோரிஸின் காதுக்குள் உண்ணி இருந்தது. ரத்தம் குடித்து உப்பி, பட்டாணி போல.

டோரிஸுக்கு முன்னங்காலில் ஒரு விரல் கிடையாது. குட்டியாக இருந்தபோது தொட்டி மூடியில் மாட்டிப் போனது. என் கையில் இருந்ததற்கு எல்லா விரலும் இருந்தன. தினமும் கேரட் துருவிப் போடுகிறேன், தண்ணீர் மாற்றுகிறேன், இத்தனை நாளாக நான் பார்க்கவே இல்லை.

பிரென்டன் சோபாவில் படுத்துக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். போய்க் கேட்டேன்.

"டோரிஸ் எங்க?"

"தொட்டில தான இருக்கு."

"இது டோரிஸ் இல்ல. இதுக்கு விரல் எல்லாம் இருக்கு."

டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "சரி. அது செத்துப்போச்சு. பெக் போன துக்கமே உனக்கு இன்னும் ஆறல. அதான் ரோட்டோரம் கெடந்த ஒண்ணைக் கொண்டாந்து வெச்சேன். தப்பா?"

கிளெம், நான் அவனுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதுதான் உண்மை. பிறகு, "எங்க பொதச்ச?" என்று கேட்டேன். "குப்பைல போட்டேன்" என்றான். குரைக்கும் பல்லிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. நான் வேலைக்குப் போகும் நாளில்தான் எல்லாம் சாகின்றன. பின்னால் உள்ள தகரக் கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறான். எதற்கு என்று கேட்டேன்.

அன்று கதவில் இடித்துக்கொண்டேன். ஒரு கண் மூடிவிட்டது. மவ்ரீனிடமும் கதவு என்றுதான் சொன்னேன், அவள் உனக்கு எழுதினால் நீயும் அதை நம்பிவிடு.

உண்ணி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

ரேலீன்


செப்டம்பர் 14

ரே,

உன் வீட்டில் எந்தக் கதவுக்கும் கைப்பிடி கண் உயரத்தில் இல்லை.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. இதைப் படிக்கிற ஆபீசரே, நீங்களும் நன்றாகப் படியுங்கள். மேலே யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள், சீக்கிரம் கொடுங்கள்.

மார்ச்சில் நான் உன் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். பின்கதவு திறந்திருந்தது. பிரென்டன் சமையல் மேசையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தான். உன் தூங்குமூஞ்சிகளின் கால்களைப் பின்பக்கமாக மடக்கி உடம்போடு சேர்த்து டேப் சுற்றியிருந்தான். வாய்க்கும் டேப். ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் திணித்து, வாயை முடிச்சுப் போட்டு, சோறு வேகவைக்கிற மின்சாரப் பானையின் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கியிருந்தான். மேலே மறைப்புக்குக் குழந்தைப் பொம்மைகள். எல்லா உறையும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் அசையவில்லை. பிரித்துப் பார்த்தேன், பெக். நான் அதை மிதிக்கவில்லை, ரே. நான் வரும் முன்பே அது மூச்சுமுட்டிச் செத்திருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"தபால்" என்றான். "வெளிநாட்டுல இதுங்களுக்கு ஆளுங்க தவங்கெடக்கறாங்க."

"பெக் செத்துப்போச்சுடா."

"பாதி சாகத்தான் செய்யும். அதுக்குத்தான் கூடுதலா சேர்த்து அனுப்பறது. ரோட்டுல பொறுக்கினதை அந்தத் தொட்டில விட்டா உன் அக்காவுக்கு வித்தியாசமா தெரியப்போவுது?"

போலீசுக்குப் போகிறேன் என்றேன். அவன் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போயேன். இதுங்களை வளர்க்கற லைசென்ஸ் யார் பேர்ல? ரேலீன் பேர்ல. பதிவெல்லாம் யார் கையெழுத்துல? நான் எழுதி அவகிட்ட நீட்டுவேன், அவ பாக்காமலே போட்டுருவா. உள்ள போகப்போறது அவதான். அரணை எல்லாத்தையும் வனத்துறைக்காரன் வாரிட்டுப் போயிடுவான். போ, போய்ச் சொல்லு."

நான் வெளியே வந்து வண்டியிலிருந்து கம்பியை எடுத்தேன். அங்கேயே வண்டியில் ஏறிப் போயிருக்கலாம், சாவி பாக்கெட்டில்தான் இருந்தது. திரும்பி உள்ளே போனேன். அரணைகளுக்கு டேப் சுற்றிய அந்தக் கையைத்தான் குறிவைத்தேன். அந்தக் கையோடு நிறுத்தியிருந்தால் சரி. பிறகு எங்கே அடிக்கிறேன் என்றே பார்க்கவில்லை. நடுவில் எப்போதோ உறைகளையும் டேப்பையும் எல்லாம் கிழித்துவிட்டிருக்கிறேன், அது நினைவில்லை.

அவன் கை உடைந்துவிட்டது, இனி இந்த வேலை செய்ய மாட்டான், உனக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம், முடிந்தது என்று நினைத்தேன். கோணல் விரலை வைத்துக்கொண்டும் செய்கிறான்.

இன்றைக்கே மவ்ரீன் வீட்டுக்குப் போ. அவனிடம் எதையும் கேட்காதே. கொட்டகைப் பக்கம் போகாதே.

கிளெம்


வையாலா, மவ்ரீன் வீடு,
அக்டோபர் 2

கிளெம்,

பென்சிலில் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் கட்டு, எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு விடுமுறை. தபால் பெட்டியின் அருகிலேயே நின்று படித்தேன். பிரென்டன் மீன்பிடிக்கப் போகிறேன் என்று படகுத்துறைக்குப் போயிருந்தான். மவ்ரீன் வீட்டுக்குப் போ என்று நீ எழுதியிருந்ததையும் படித்தேன். படித்துவிட்டு, வேலி நட வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பூட்டு உடையவில்லை, கதவின் தகரம்தான் கிழிந்தது.

உள்ளே பிளாஸ்டிக் பெட்டிகள் கூரை வரை. ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்குமூஞ்சிகள், நீலநாக்கு அரணைகள், செத்தவைகளின் மேல் உயிரோடு இருப்பவை. அந்த நாற்றத்தோடு எப்படி வந்து என் பக்கத்தில் படுத்தான் என்று தெரியவில்லை. பல்லிகளைத் தயிர் டப்பாக்களில் அடைத்து வைத்திருந்தான். பெஞ்சில் கட்டி முடித்தவை வரிசையாக இருந்தன. முதல் காலுறை என்னுடையது, நீலக் கோடு போட்டது. அதற்குள் டஸ்டி. காலையில் தொட்டியில் காணவில்லை, மரப்பட்டைக்கு அடியில் படுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

டேப்பைக் கத்தரித்தேன். இழுத்த இடத்தில் செதிலும் சேர்ந்து வந்தது. டஸ்டி நீல நாக்கை நீட்டி என்னைப் பார்த்துச் சீறியது. உயிரோடு இருந்தது. தரையில் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். கார் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

பின்னாலிருந்து தலைமயிரைப் பிடித்தான். முகத்தைப் பெஞ்சின் விளிம்பில் மோதினான், முன்பல் இரண்டு போயின. மறுபடி மோதினான். கீழே விழுந்ததும் மணிக்கட்டை மிதித்தான். கத்தரிக்கோல் இருந்த கை. பிறகுதான் பேசினான். "அக்காளும் தம்பியும் ஒரே மாதிரி. இதுங்களுக்காகவா என் கையை உடைச்சீங்க? பாரு. நல்லா பாரு."

பூட்ஸை டஸ்டியின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். அடுத்து ஒரு பெட்டியைக் கவிழ்த்தான். தரையில் கொட்டியவைகளை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே போனான். "நீ அழு, நான் நிறுத்தறேன்" என்றான். எனக்கு அழுகை வரவில்லை.

கடப்பாரை கதவோரம் சாய்ந்திருந்தது. தவழ்ந்து போய் இடது கையால் எடுத்தேன். அவன் குனிந்து பெட்டிக்கு அடியில் ஓடியதைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதுகில் அடித்தேன். திரும்பினான், முகத்தில் அடித்தேன். விழுந்தான். இது வரைக்கும் நான் செய்தது சரி. இன்றைக்கும் சரி என்பேன்.

தரையில் கிடந்துகொண்டு கையைத் தூக்கி, "போதும் ரே, போதும்" என்றான். நான் அதைக் கேட்டேன், கிளெம். அர்த்தமும் புரிந்தது. இனி இவனால் எழுந்திருக்க முடியாது என்பதும் தெரிந்தது. தெரிந்துதான் அடித்தேன். அடுத்ததும் தெரிந்துதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போது முன்வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பலமாக, நிறுத்தாமல் தட்டினார்கள். "வனத்துறை, கதவைத் திறங்க" என்று குரல். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவதற்குள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்த ஆபீசர் உண்மையாகவே மேலே கொடுத்திருக்கிறார். அடிலெய்டிலிருந்து காலையில் கிளம்பி வந்தார்களாம். வழியில் ஒரு டீ குடித்திருந்தால் பிரென்டன் செத்திருப்பான். இப்போது ஒரு கண் மட்டும் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் காவல் போட்டு வைத்திருக்கிறார்கள். அவன் படுக்கிற விரிப்பை இந்த வாரம் மவ்ரீன் தனியாக மடிக்கிறாள்.

என்மேலும் வழக்கு. ஜாமீனில் இருக்கிறேன். அடிபட்ட முகத்தைப் பார்த்ததும் போலீஸ்காரி முதல் நாளே, "தற்காப்புக்குத்தான அடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ரேலீன்


அக்டோபர் 11

ரே,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார முடியவில்லை.

நான் சொல்வதைக் கேள். தற்காப்புக்கு அடித்தேன் என்று சொல். அவ்வளவுதான். அவன் விழுந்த பிறகு என்ன நடந்தது என்பதை நீயும் அவனும் மட்டும்தான் அறிவீர்கள். அவன் பேச்சை இனி எந்தக் கோர்ட்டும் நம்பாது. மருத்துவர்கூட எந்த அடி எப்போது விழுந்தது என்று சொல்ல முடியாது, இங்கே சட்டம் படித்துக்கொண்டிருக்கிற ஒருவனிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோல் கேட்டுவிட்டேன். கடிதத்தைப் படிக்கிற ஆபீசருக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரிகிறது. அவரும் அக்கா தங்கையோடு பிறந்தவராக இருப்பார் என்று நம்புகிறேன்.

இங்கே இருப்பது உனக்கு ஆகாது. பெண்கள் ஜெயிலும் இதே மாதிரிதான். பூட்டு விழுகிற சத்தம் காலையிலும் மாலையிலும் வயிற்றுக்குள் விழும். சின்னக் காரணத்துக்கு முகத்தைக் கிழிப்பார்கள். உனக்குப் பல்லே இரண்டு கம்மி.

உனக்குப் பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் பிடித்திருந்தது. அதை நான் எவனிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நம் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும்.

கெஞ்சுகிறேன், ரே.

கிளெம்


வையாலா,
நவம்பர் 24

கிளெம்,

சொல்லிவிட்டேன்.

சொல்லாதே என்று வக்கீல் என் காலை மிதித்தார். நீதிபதி வயசான பெண், என் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் கீழே விழுந்ததோட நிறுத்திட்டீங்க, அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். "இல்லங்க. போதும்னு சொன்னான். அதுக்கப்புறமும் அடிச்சேன்" என்றேன். "ஏன்?" என்றார். "என் தம்பி வழக்குல அவன்கிட்ட நீங்க எல்லாரும் இதையேதான் கேட்டீங்க. அவன் சொல்லல. அவனை மிருகம்னு நான் இதே எடத்துல நின்னு சொன்னேன். அதை எழுத்துல வாபஸ் வாங்க வழி இருக்கா?" என்றேன். வழி இல்லையாம். ஆனால் நான் சொன்னதைப் பதிவு செய்துகொண்டார்கள். காலுறை, டேப் எல்லாவற்றையும் உன் வழக்கோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லி உன் வக்கீல் மனுப் போடப்போகிறார். தண்டனை குறையலாம் என்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் குறையும் போலத்தான் இருக்கிறது.

பிரென்டன் எல்லாவற்றையும் என் தலையில் கட்டப் பார்த்தான். டேப்பின் ஒட்டும் பக்கமெல்லாம் அவன் விரல் ரேகைதான் இருந்தது, கோணல் விரலின் ரேகையும். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். அவன் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணில் இன்னும் பஞ்சு இருந்தது. எனக்குப் பாவமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை.

லைசென்ஸ் போய்விட்டது. இனி எனக்குக் கிடைக்காது. தொட்டிகள் இருக்கும் அறையைக் காலி செய்ய இரண்டு பேர் வந்தார்கள். என் வீட்டில் பிறந்தவைகள் ஒரு மிருகக்காட்சி சாலைக்குப் போகின்றன. கொட்டகையில் இருந்தவை எந்தக் காட்டில் பிடித்தவை என்று தெரியாததால் திரும்ப விட முடியாதாம், நோய் பரவுமாம். பெரும்பாலானவற்றை ஊசி போட்டுக் கொன்றார்கள். நான் பிடித்துக்கொடுக்கிறேன் என்றேன். அந்தப் பெண் வேண்டாம் என்றாள், பிறகு சரி என்றாள். என் கையில் இருந்தால் அவை திமிறுவதில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு, தொட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். மாலை வரை அதே வேலை.

எனக்குத் தீர்ப்பு அடுத்த மாதம். வக்கீல் கோபத்தில் இருக்கிறார். "நீங்க வாயைத் தொறக்காம இருந்திருந்தா வந்த வழியே வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றார். இப்போது ஜெயில் உறுதி, எவ்வளவு காலம் என்பதுதான் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, கிளெம். நீ எழுதியிருந்தாயே, பூட்டுச் சத்தம் என்று. அதை நினைத்தே பாதி நேரம் தூங்குவதில்லை. ஆனாலும் நாம் இரண்டு பேர் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும் என்றாயே, அது எனக்குப் போதவில்லை.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருக்கிறது. மவ்ரீன் கார் தருகிறாள். அங்கே போன் போட்டுக் கேட்டேன். நீ பார்க்க விரும்புகிறவர்களின் பெயர்களில் என் பெயர் இல்லை என்றார்கள்.

சேர்த்துவிடு.

ரேலீன்